சாய்த்துப் பார்த்து வாங்கிய வண்டி

வண்டி வாங்கப் புறப்பட்ட அன்று சித்தி ஒரு பழைய மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, டாக்சியில் என் மடிமேல் வைத்தாள். ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்காம்மா?"

"மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்கு" என்றாள் சித்தி.

அவர் மீட்டரைப் போட்டார்.

சித்தி சீட் தைப்பவள். கார் சீட், பஸ் சீட், சோபா, தியேட்டர் நாற்காலி என்று மனிதர்கள் உட்காரும் எதற்கும் ஃபோம் வெட்டி, ரெக்ஸின் போட்டு, ஓரத்தில் பைப்பிங் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். கடை இரண்டு அறைகள். முன் அறையில் தையல் மெஷின், பின் அறையில் ஃபோம். இரண்டிலும் பசை வாடை. ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம். இஞ்சு டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதுகூடத் தொழிலால்தான். சித்தப்பாவின் வண்டிக்குச் சீட் தைத்துவிட்டு, "உக்காந்து போய்ப் பாக்காம குடுத்தா அது சீட்டா, தலகாணியா?" என்று கேட்டுச் சாவியை வாங்கினாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை. சித்தப்பா வேறொன்று வாங்கிக்கொண்டார்.

இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். அந்தக் கம்பெனியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'இடி' என்பார்கள், அதன் சத்தத்துக்காக. சித்தப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்ப்பவர். ஆனால் உலகத்தில் வேறு கம்பெனி வண்டிகளும் ஓடுகின்றன என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதில்லை. முன்கையில் இடியின் முத்திரையைப் பச்சை குத்தியிருக்கிறார். கல்யாண நாளை மறந்தாலும் மறப்பார், இன்ஜின் ஆயில் மாற்றிய நாளை மறக்க மாட்டார். இடி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புக்கு அவர்தான் தலைவர்.

கிளப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. பயணத்தில் யாருடைய வண்டியாவது கீழே விழுந்தால், விழுந்தவர் அதைத் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பின்னால் வருகிற இரண்டு பேர் இறங்கி ஓடிவந்து தூக்கி நிறுத்துவார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் சித்தப்பா இதைத்தான் முதலில் சொல்வார். "எங்க ஆளுங்கள்ல ஒருத்தன்கூட தன் வண்டிய தானே தூக்கினதில்ல, தெரியுமா?"

சித்தியும் தூக்கியதில்லை. போன கோடையில் மலைமேல் இருக்கும் விடுதி ஒன்றுக்கு நாற்காலி அளவெடுக்கத் தனியாகப் போனாள். திரும்பும் வழியில் ஒரு சரிவில் நிறுத்திக் காலை ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் தரை இல்லை, சரளைதான் இருந்தது. வண்டி மெதுவாக, கிழவர் திண்டில் சாய்வதுபோலச் சாய்ந்து படுத்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எப்படி இழுத்தும் அது அசையவில்லை. வெயில் ஏறி, நிழல் சுருங்கி, குடிக்கத் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் ஒரு லாரி வந்தது. லாரிக்காரர் நல்லவர். கிளீனரோடு இறங்கி வந்து தூக்கிவிட்டார். போகும்போது அக்கறையாக ஒன்று கேட்டார்.

"ஏம்மா, கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?"

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் சித்தி செய்த தப்பு. அடுத்து வரவிருந்தது கிளப்பின் பெரிய பயணம், கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கும் பயணம். அவளைக் கேட்காமலே எல்லாம் முடிவாகிவிட்டது. சித்தப்பா சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார்.

"நீ இந்த வாட்டி வேன்ல வந்துடு. மூட்டை முடிச்செல்லாம் பாத்துக்க ஆள் வேணும்."

"மூட்டை வேன்ல வரட்டும். நான் மூட்டை இல்ல."

"அப்ப விழாம ஓட்டு."

"விழாத ஆள் யாரு? போன வருஷம் பெட்ரோல் பங்க்ல, நின்ன எடத்துல விழுந்தது யாரு?"

"அது... ஷூ லேஸ் மாட்டிக்கிச்சு."

"எனக்குச் சரளை மாட்டிக்கிச்சு."

அன்றிலிருந்து சித்தி வண்டி பார்க்கத் தொடங்கினாள். கடைக்குப் பூட்டுப் போடும் நாட்களில் எல்லாம் நானும் கூடப் போனேன். ஆங்கிலத்தில் வரும் ரிவ்யூக்களைப் படித்துச் சொல்வது என் வேலை. எதிலும் சீட்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை என்பதில் அவளுக்குக் கோபம். "நாள் பூரா அதுமேலதான உக்காரப் போறாங்க. இவன் ஹெட்லைட்டப் பத்திக் கதை எழுதறான்."

ஒரு வண்டி உயரம். "ஏறுறதுக்கு ஏணியும் சேத்துத் தருவீங்களா?" என்று விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வந்தாள். இன்னொன்றில் சாய்மானம், கைவைப்பு, பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன. "சோபாவுக்குச் சக்கரம் மாட்டியிருக்கான். நான் சோபா தைக்கிறவ, எங்கிட்டயேவா?" இடியிலேயே சிறியது ஒன்று இருந்தது, சித்தப்பாவே சிபாரிசு செய்தார். அதையும் விடாமல் ஓட்டிப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் ஹேண்டில்பார் அதிர்ந்து கை மரத்துப்போனது. மறுநாள் கத்தரிக்கோல் பிடித்தபோது கோடு கோணலாகப் போயிற்று. ஒரு முழு ரெக்ஸின் துண்டு வீண். அந்தத் துண்டைச் சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிபாரிசு அத்துடன் நின்றது.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது, கிளப்பில் எல்லோரும் கேலி செய்யும் கம்பெனியின் வண்டி. சத்தமே வராது என்பதால் அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தையல் மெஷின்'. நடுத்தர எடை. காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி. ஒரு டாங்க் பெட்ரோலில் கணவாயைத் தாண்டிவிடும். வழியில் உள்ள ஊர்களில் சர்வீஸ் சென்டர் இருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியபோது சித்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அளவெடுக்கும்போது வரும் முகம் அது.

"ஓட்டறதுக்கு நல்லாதான் இருக்கு. விழறதுக்கு எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள்.

அதற்காகத்தான் மெத்தை.

ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் மெத்தையைப் பார்த்துவிட்டு வணக்கம் சொல்ல மறந்தார்.

"மேடம், படுக்க வைக்கணும்னா... வண்டியையா?"

"பின்ன, என்னையா? டெமோ வண்டிதான? விழப்போறது நான். வாங்கறதுக்கு முன்னாடியே ஒருதரம் விழுந்து பாத்துக்கறேன்."

மேனேஜர் வந்தார். பேசினார். சித்தி மெத்தையை அவிழ்த்தாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, "கீறல் விழுந்தா இதையே வாங்கிக்கறேன், புதுசு வேணாம்" என்றாள். பின்பக்கம், வண்டி கழுவும் முற்றத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள்.

மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சித்தி வண்டியைக் கியரில் போட்டு, மெத்தைமேல் சாய்த்தாள். அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பைச் சீட்டில் ஒட்டி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மற்றொரு கையால் பின்கம்பியையும் பிடித்துக் கால்களால் தள்ளினாள். இந்த முறையை நாங்கள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தோம். முதல் தடவை ஈரத்தரையில் பூட்ஸ் வழுக்கிற்று. வண்டி திரும்பவும் படுத்தது. விற்பனையாளர் ஓடிவந்தார்.

"கைய எடுங்க தம்பி" என்றாள்.

இரண்டாவது தடவை, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்து நகர்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி முழங்கால் உயரம் வந்தது, தொடை உயரம் வந்தது, பிறகு திடீரென்று கனமே இல்லாததுபோல எழுந்து நின்றது. மெக்கானிக் ஒருவர் கை தட்டினார். சித்தி யாரையும் பார்க்கவில்லை. மறுபக்கம் போய், அந்தப் பக்கமும் சாய்த்துத் தூக்கினாள். பிறகு பக்கப் பெட்டிகளில் தண்ணீர் கேன்களை வைக்கச் சொல்லி, இன்னொரு தடவை.

மூச்சு வாங்கியபடி சீட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். "சீட்டுதான் மோசம். அத நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் கூடுவது சித்தியின் கடை வாசலில்தான். செய்தி அதற்குள் பரவியிருந்தது. கிளப்பில் 'சைலன்சர்' என்று ஒருவர் இருக்கிறார். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர்தான் ஆரம்பித்தார்.

"அண்ணி, தையல் மெஷின் வாங்கறீங்களாமே! கடையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?"

"இருக்கு. அதுதான் இத்தனை வருஷமா எனக்குச் சோறு போடுது. உங்க இடி எனக்கு என்ன போட்டுச்சு? கீழதான் போட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவைத் தவிர.

"கேலி இருக்கட்டும்மா" என்றார். "வேற கம்பெனி வண்டி வந்தா வேனுக்குப் பின்னாலதான் வரணும். அது நம்ம விதி. தலைவர் வீட்டுலயே இப்படின்னா நான் எப்படித் தலைநிமிந்து போவேன்? நீ விழுந்தா தூக்க நாங்க இருக்கோம். அப்புறம் எதுக்கு வண்டிய மாத்தணும்?"

"நீங்க இல்லாத எடத்துக்கும் ரோடு போகுதுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் மெத்தையைக் கொண்டுவந்து வாசலில் விரித்தாள். தன்னுடைய பழைய இடியைத் தள்ளிவந்து அதன்மேல் சாய்த்தாள்.

"ஒருத்தர், ஒரே ஒருத்தர், தனியா இதத் தூக்கி நிறுத்துங்க. நிறுத்திட்டா நான் புது வண்டி வாங்கல. பேசாம வேன்ல ஏறிக்கறேன். யாராலயும் முடியலன்னா, நான் எந்த வண்டில வரேன்னு இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பின் இரு முனைகளையும் அவள் இறுக்கிப் பிடித்திருந்தது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அங்கே ஆஜானுபாகுவானவர்கள் இருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்று சைலன்சர் குனிந்தார். வண்டியைப் பார்த்தபடி நின்று, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார். ஹேண்டில்பார் திரும்பிற்று, வண்டி திரும்பவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் ஓடிவந்து கைவைத்தார்கள்.

"தனியா" என்றாள் சித்தி. அவர்கள் கையை எடுத்தார்கள். சைலன்சர் முதல்தடவையாகப் பேச்சில்லாமல் நகர்ந்தார்.

மருந்துக்கடைக்காரர் முதுகுவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அடுத்தது 'பீரோ'. வாசலில் நின்றால் வெளிச்சம் மறைந்துவிடும், அப்படி ஒரு உடம்பு. அவர் குனிந்து ஒரு மூச்சில் இழுத்தார். வண்டி எழும்பிற்று. முழங்கால் வரை வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொத்தென்று மெத்தையில் சத்தம் கேட்டதும்தான் திறந்தேன். பீரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, இவ்வளவு கனமாவா இருக்கு?" என்று கேட்டார். பல வருடங்களாக அதே மாதிரி வண்டியை ஓட்டுகிறவர்.

கடைசியில் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார். பச்சை குத்திய முத்திரை வெளியே தெரிந்தது. இழுத்தார். முகம் சிவந்தது. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு வண்டிக்குப் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்துவிட்டார்.

"இருந்தாலும் நம்ம கம்பெனிய விட்டுட்டு..." என்றார் மூச்சிரைப்புக்கு நடுவில்.

"கம்பெனி எனக்குத் தாலி கட்டலைங்க" என்றாள் சித்தி.

விதியை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. வேற்று வண்டி வேனுக்குப் பின்னால்தான் என்று சைலன்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க வரிசை உங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வண்டி வந்த வாரமே சீட்டைப் பிரித்து, ஃபோமை இழைத்து, தன் உயரத்துக்குத் தைத்துக்கொண்டாள். பயணத்தன்று மற்றவர்கள் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே, சத்தம் வராத அந்த வண்டி போய்விட்டிருந்தது. மூட்டைகளோடு வேனில் போனது நான்தான்.

கணவாய் உச்சியில் ஒரு சிறு கடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தி பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த சரளைக்கல்லை உதறிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் வண்டியைச் சுற்றி வந்தார். வலதுபக்கப் பெட்டியில் கையகலத்துக்குப் புதுச் சிராய்ப்பு. மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"எங்க விழுந்த?"

"கீழ, அந்த மூணாவது திருப்பத்துல."

"அடி?"

"இல்ல."

அவர் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கிளப் வண்டிகளைத் தவிர வேறு ஒன்றுகூட இல்லை.

"யார் தூக்கினா?"

சித்தி பூட்ஸை மாட்டிக்கொண்டு நாடாவை இழுத்து முடிந்தாள். பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"அந்த மெத்தைய எங்க வச்சிருக்க?"