வாசல் மரம் மட்டும் பச்சை

ஆயுளில் பாதியை லிஃப்ட் பழுது பார்ப்பதிலேயே கழித்த மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் இயற்கை மேல் திடீர்க் காதல் வந்தது. ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி ஒரு வீடு கட்டினார். குழாய்களைக்கூட ஆள் வைக்காமல் தானே பதித்தார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். "பாரு, காத்து திசை மாறிடுச்சு. கொக்கெல்லாம் கிளம்பிடுச்சு" என்று அறிக்கை வாசிப்பார். மனைவி சமையலறையிலிருந்து 'உம்' கொட்டுவாள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் பாத்திரம் கழுவுவது அவள்தானே.

அவள் மனமெல்லாம் நகரத்தில் இருந்தது. அங்கே மகள் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு அல்லாடினாள். "நாமளும் அங்கயே போயிடலாம்ங்க" என்று அவள் நச்சரித்தபோது அவர் ஒரு தவணை சொன்னார். "எல்லாப் பருவத்தையும் ஒரு தடவை பாத்துடறேன். வாசல் மரத்துல இலையெல்லாம் உதிரட்டும். அன்னைக்கே பெட்டி கட்டிடலாம்."

கோடை நெருங்கியது. சுற்றுவட்டாரத்து மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. வாசல் மரம் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி தளதளவென்று இருந்தது. "பாத்தியா, இயற்கையே நம்மளப் போக வேண்டாங்குது" என்றார். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பால்காரரையும் நிறுத்திவைத்துப் பீற்றிக்கொண்டார்.

பால்காரர் மரத்தடியில் குனிந்து பார்த்தார். "சமையக்கட்டுத் தண்ணி மொத்தமும் இங்கதானே சார் வருது. தினமும் வயிறு முட்டக் குடிக்கிற மரம் எதுக்கு சார் இலையை உதிர்க்கும்?"

அந்தக் குழாயைப் பதித்தவர் சாட்சாத் அவரேதான். கொக்கு போகும் திசை தெரிந்தவருக்கு, தன் வீட்டுத் தண்ணீர் போகும் திசை மறந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. இயற்கையின் விருப்பத்தில் தலையிட நாம் யார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

ஒரு மத்தியானம், பாத்திரம் துலக்கியபடியே அவள் மகளிடம் ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. "இன்னும் உதிரலடி. கொஞ்சம் பொறுத்துக்கோ." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, பழைய கருவிப் பெட்டியைத் திறந்து, குழாயை வேலிப் பக்கம் திருப்பிவிட்டார்.

சில வாரங்களில் இலைகள் பழுத்தன, உதிர்ந்தன. கடைசியில் வெறும் கிளைகள்தான் மிஞ்சின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார். "இலையெல்லாம் உதிர்ந்துடுச்சு. இயற்கையை யாரால தடுக்க முடியும்? பெட்டியைக் கட்டு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"நீங்க குழாயைத் திருப்பின அன்னைக்கே எடுத்து வைக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாள். "நான் கழுவுற தண்ணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எப்போ திருப்புவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."