தாய்மாமன் பெயர் இல்லாத அழைப்பிதழ்

நான் இதை எழுதி வாசகசாலைப் பலகையில் ஒட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். என் வாயாலும் கேளுங்கள்.

மகள் கல்யாண அழைப்பிதழுக்கு அச்சகத்தில் பிழை பார்க்க ஒரே புரூப்பை இரண்டு தாளில் தந்தார்கள். ஒன்றைத் தென்காசியில் நான் திருத்தினேன். மற்றதைக் கடையத்தில் என் தம்பி திருத்தினான். விட்டுப்போயிருந்த தாய்மாமன் பெயரை, அதாவது என் மச்சான் பெயரை, நான் சேர்த்தேன். தம்பி மண்டபத்தின் முகவரியை மட்டும் திருத்தினான்.

இன்று ஐந்நூறு அழைப்பிதழும் வந்தன. மச்சான் பெயரைக் காணோம். அச்சுக்கோப்பவரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, ஒங்க தாளப் பாத்துச் சேத்தேன். பொறவு ஒங்க தம்பி தாளு வந்துது. அதுல அந்தப் பேரு இல்ல. வேண்டாம்னுட்டாங்க போலன்னு எடுத்துட்டேன்."

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

குற்றாலத்துக்குப் போய் மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். அழைப்பிதழை முழுக்கப் படித்தார்.

"வாரேன் மாப்ளே. பந்தியில சாப்ட்டுட்டுப் போயிருதேன். மால எடுத்துக் குடுக்கதுக்கு, இதுல பேரு இருக்கவுகளக் கூப்பிடுங்க."

மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இப்படியொரு அமைதிக்கு இருபது வருடம் ஏங்கினேன். கிடைத்தபோது அனுபவிக்க முடியவில்லை.

ஐந்நூறிலும் பேனாவால் அவர் பெயரை எழுதினால் கோபம் தணியுமா, கூடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தனித்தனித் தாள் வேண்டாம்; இதன் அடியிலேயே எழுதுங்கள்.