பழனாத்தாள் கோத்த நாலு கண்ணி

பனியனைத் தரம் பிரிப்பதுபோல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? ஆறுமுகசாமி வாத்தியாருக்குத் தோன்றியது. அவருடைய மச்சினன் லிங்கசாமி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். ஒரு நாள் அங்கே போன வாத்தியார், தைத்து முடிந்த பனியன்களைப் பெண்கள் மூன்று கூடைகளில் போடுவதைப் பார்த்தார். பழுதே இல்லாதது பர்ஸ்ட். சின்னப் பழுது இருந்தால் செகண்ட்ஸ். ஒன்றுக்கும் ஆகாதது வேஸ்ட். மனுசனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மறுநாளே மண்ணரைப் பக்கத்தில் தான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியில், நாலாம் வகுப்பை மூன்று வரிசையாகப் பிரித்து உட்கார வைத்தார். வரிசைகளுக்குப் பேரும் அதே பேர்தான்.

இது 1955இல் நடந்தது. பழனாத்தாளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுத்தல் கணக்கில் மீதியை எங்கே எழுதுவது என்று அவளுக்குக் குழப்பம். அதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். வாத்தியார் சிலேட்டை வாங்கிப் பார்த்தார், அவள் தலையை ஒரு தட்டுத் தட்டினார்.

"உன்ற மண்டை அப்படி, புள்ள. எத்தன ஊத்துனாலும் நிக்காது. போயி மூணாவது வரிசைல உக்காரு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் வினை. பிரம்பால் அடித்திருந்தால் வீக்கம் ரெண்டு நாளில் வடிந்திருக்கும், அவளும் திட்டிக்கொண்டே மறந்திருப்பாள். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவள் கணக்கைப் போட்டே பார்ப்பதில்லை. போட்டுத் தப்பானால்தானே அவமானம்? மூன்றாம் வரிசையில் எல்லாருமே இப்படித்தான் இருந்தார்கள். யாரும் கை தூக்குவதில்லை, யாரும் சந்தேகம் கேட்பதில்லை. வாத்தியாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

வருசக் கடைசியில் வாத்தியார் அவளுடைய அப்பன் அய்யாசாமியைக் கூப்பிட்டுவிட்டார்.

"அய்யாசாமி, உன்ற புள்ளைக்குப் படிப்பு வராதப்பா. இவளக் கம்பெனிக்கு அனுப்பிப்போடு."

"சரிங்க சாமி" என்றார் அய்யாசாமி. வைத்தியர் சொன்னால் பத்தியம் இருப்பார், வாத்தியார் சொன்னால் நம்பிவிடுவார். அவ்வளவு வெள்ளந்தி. மறுவாரமே பழனாத்தாள் அதே லிங்கசாமியின் கம்பெனியில் துணிக்கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் நாலைந்து வருசம் கழித்து அவளைப் பழுது பார்க்கிற செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். மிசினில் ஓர் ஊசி ஒடிந்தால் துணியில் ஒரு கண்ணி, அதாவது ஒரு பின்னல் வளையம், விட்டுப்போகும். விட்ட கண்ணி அப்படியே நிற்காது, மேலிருந்து கீழே ஏணி மாதிரி ஓடிக்கொண்டே போகும். அதைக் கோர்த்து ஏற்றுவதற்கு, ஒடிந்த மிசின் ஊசி ஒன்றை மூங்கில் குச்சியில் செருகி வைத்திருப்பார்கள். கண்ணியைப் பிடித்து, மேலே உள்ள இழையை இழுத்து, அடுத்த கண்ணியைப் பிடித்து ஏறிப் போக வேண்டும். பழனாத்தாள் முதல் ரெண்டு வாரமும் கோர்த்ததைவிடக் கிழித்ததுதான் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதாள் அவளைவிட ஒரு வயது மூத்தவள், எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்:

"கை பழகல புள்ள. பழகுனா வந்துரும்."

அந்தக் கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதை ஒரு கருணையாக நினைத்துச் சொல்வதில்லை. முதல் நாளே ஒழுங்காகக் கோர்த்தவள் என்று ஒருத்தியை அவர்கள் பார்த்ததே கிடையாது. எல்லாரும் கிழித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். பழனாத்தாளுக்கும் கை பழகியது. எவ்வளவு பழகியது என்றால், வேஸ்ட் கூடையில் கிடப்பதை எடுத்துக் கோர்த்து, பர்ஸ்டில் போட்டால் மருதாளுக்கே அடையாளம் தெரியாது. பழனாத்தாளுக்கு மட்டும் தெரியும். கடைசிக் கண்ணியை அவள் கொஞ்சம் இறுக்கிவிடுவாள், அந்த இடத்தில் கடுகளவுக்கு ஒரு புள்ளி விழும்.

ஆனால் பாருங்கள், இத்தனைக்கும் பிறகும் படிப்பு என்றால் அவள் ஒதுங்கியே இருந்தாள். கை வேற, மண்டை வேற என்பது அவள் எண்ணம். பஸ் நெம்பரைக்கூட மற்றவர்களிடம் கேட்டுத்தான் ஏறுவாள். செக்கிங் சீட்டை மருதாள் எழுதிக் கொடுப்பாள். இப்படியே, பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினாலு வருசம் போயிற்று.

1969இல் சரக்கு வெளியூருக்கெல்லாம் போக ஆரம்பித்தது. செக்கிங்குக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். எந்த மிசினில் எத்தனை பழுது என்று தினமும் எழுதிக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். மருதாளைத்தான் முதலில் கேட்டார். அவளுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், பொறுப்பு வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்து பழனாத்தாளைக் கூப்பிட்டார்.

"வேலைல உன்னைய அடிச்சுக்க ஆளில்ல கண்ணு. ஆனா எட்டாவதாச்சும் பாஸ் பண்ணியிருக்கோணும். இல்லீன்னா உடுமலைல இருந்து என்ற சொந்தக்காரப் பையன் ஒருத்தனைக் கொண்டாந்து போட்டுருவேன்."

"எனக்குப் படிப்பு வராதுங்க" என்றாள் பழனாத்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தால், எதிரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி அழுதுகொண்டிருந்தாள். கையில் குச்சி, மடியில் கிழிந்த பனியன். "எனக்கு இது வராதுங்கக்கா" என்றாள்.

பழனாத்தாளுக்குச் சுர்ரென்று வந்தது. "வராதுன்னு எவ சொன்னா? கை பழகல, அவ்வளவுதான். எடு அடுத்ததை!"

சொன்ன பிறகு அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பெண்ணுக்குச் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் தனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? பதினாலு வருசத்துக் கோபம் ஒரே நிமிசத்தில் தலைக்கு ஏறியது. அழுகை வரவில்லை, நல்ல சுத்தமான கோபம். நேராக முதலாளியிடம் போய், "எட்டாவது எழுதறனுங்க. அதுவரைக்கும் உடுமலைப் பையன் அங்கயே இருக்கட்டுமுங்க" என்றாள். புருசன் நல்லான், "படிச்சுக் கலெக்டராகப் போறியாக்கு?" என்று சிரித்தான். "ஆயிட்டா உங்களுக்கென்னங்க நட்டம்?" என்றாள் அவள். மருதாள் மத்தியானச் சோத்து நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

தனித்தேர்வுக்கு, கடைசியாகப் படித்த பள்ளியிலிருந்து ரிக்கார்டு ஷீட் என்ற சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் யார்? அந்த ஆறுமுகசாமி வாத்தியார்தான். இப்போது அவர் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை போயும் பார்க்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போய்விட்டாள். வேப்பமரத்தடியில் ஈஸிசேரில், வேட்டியும் பனியனுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, ரிக்கார்டு ஷீட் வேணுமுங்க. எட்டாவது எழுதலாம்னு இருக்கறனுங்க."

அவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "அய்யாசாமி புள்ளயா? மூணாவது வரிசைதானே நீ?"

பேர் மறந்துபோயிருந்தது. வரிசை மட்டும் மறக்கவில்லை. பழனாத்தாளுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

"உனக்கெதுக்கு அந்த வேலை? வேஸ்ட்ல கெடந்தது பர்ஸ்ட் ஆகி நான் பாத்ததில்ல புள்ள."

அப்போதுதான் அவள் கண் அவருடைய இடது தோளில் போய் நின்றது. அங்கே கடுகளவுக்கு ஒரு புள்ளி.

"நீங்க போட்டிருக்கறது பர்ஸ்ட் பனியனுங்களா?"

"பின்னே? என்ற மச்சினன் எனக்கு வேற எதைக் குடுப்பான்?"

"அந்தத் தோளைத் திருப்பிப் பாருங்க. நாலு கண்ணி விட்டுப்போயி, மூணு வெரல் நீளம் ஓடியிருந்துச்சுங்க. வேஸ்ட் கூடைல கெடந்துச்சு. நாந்தான் எடுத்துக் கோத்தேன். எத்தன நாளாப் போடறீங்க?"

வாத்தியார் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பனியனைக் கழற்றினார். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். கடைசியில் விரல் ஓரிடத்தில் நின்றது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி, "ரெண்டு வருசமாச்சுங்க அது வாங்கி" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் பேச்சில்லாமல் ரிக்கார்டு ஷீட் வந்துவிட்டது.

பரீட்சை எழுதினாள். பெயிலானாள். தமிழ், சரித்திரம் எல்லாம் பாஸ், கணக்கில் மட்டும் இருபத்தெட்டு. லிங்கசாமி முதலாளி, "இன்னும் ஒரு வருசம் பாக்கறேன் கண்ணு, அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "வாத்தியாரு மச்சான் உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. பனியன் வேற, மண்டை வேறயாமா."

மனுசன் சரியான இடத்தில்தான் குத்தினார். அவளே பதினாலு வருசம் நம்பிக்கொண்டிருந்த பேச்சு அது. அன்றைக்குச் சாயங்காலம் பழனாத்தாள் அழுதாள். நல்லான் சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "விட்டுரலாமாக்கு?" என்று கேட்டான். "விடறதா?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கண்ணி ஓடிய பனியன் ஒன்றையும் கோர்க்கிற குச்சியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியார் நாலாம் வகுப்பில் இருந்தார். அதே மூன்று வரிசை. மூன்றாவதில் எட்டு பேர், ஒருத்தர்கூட நிமிரவில்லை. பழனாத்தாள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரு சந்தேகமுங்க. இந்தக் கண்ணியைக் கொஞ்சம் கோத்துக் காட்டறீங்களா? பெரிய படிப்புப் படிச்சவங்க நீங்க, இது சின்ன வேலை."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குச்சியை வாங்கினார், குத்தினார், இழுத்தார். கண்ணி ஏறுவதற்குப் பதிலாக இன்னும் ரெண்டு விரல் கீழே ஓடியது. மறுபடி குத்தினார். பக்கத்தில் இன்னும் மூணு கண்ணி விட்டுப்போனது. நெற்றி வேர்த்துவிட்டது. பனியனை மேசைமேல் வைத்தார்.

"இது எனக்கு வராது" என்றார்.

பழனாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசைக்குத் திரும்பினாள்.

"கேட்டீங்களா கண்ணுகளா? வாத்தியாருக்கு வராதாமா. நம்பாதீங்க. நானும் முதல்ல இப்படித்தான் கிழிச்சேன், ஒரு பனியன் ரெண்டு பனியன் இல்ல. அவருக்குக் கை பழகல, அவ்வளவுதான். உங்களுக்கும் அவ்வளவுதான். எனக்குக் கணக்கு இன்னும் பழகல, இருபத்தெட்டுதான் வாங்கியிருக்கறேன், அடுத்த வருசம் மறுபடி எழுதப் போறேன். வராதுன்னு யார் சொன்னாலும், அது யாராயிருந்தாலுஞ் செரி, நம்பாதீங்க."

பனியனையும் குச்சியையும் மேசைமேலேயே விட்டுவிட்டு, கும்பிடு ஒன்று போட்டுவிட்டு வந்துவிட்டாள். 

அடுத்த வருசம் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸ் செய்தாள். சூப்பர்வைசர் மேசையும் வந்தது, உடுமலைப் பையன் உடுமலையிலேயே இருந்துகொண்டான். ஆனால் பின்னாளில் அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அதை அல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த பத்தாம் நாள், சிலேட்டைக் கவிழ்த்து வைத்திருந்த அந்தச் சின்னப் பெண், காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாரு குடுக்கச் சொன்னாருங்க. பத்து நாளா மத்தியான நேரத்துல இதையேதானுங்க பண்ணிட்டிருந்தாரு. நாங்களெல்லாம் சுத்தி நின்னு பாத்தமுங்க."

பிரித்தாள். அதே பனியன், அதே குச்சி. விட்டுப்போன நாலு கண்ணியும் மேல்வரைக்கும் ஏறியிருந்தன. பழனாத்தாள் பனியனை உள்பக்கமாகத் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். முதல் மூன்று கண்ணியும் ஒழுங்காக இருந்தன. நாலாவது கோணல். மருதாள் எட்டிப் பார்த்து, "எந்தக் கூடைல போடறது புள்ள?" என்றாள்.

"இன்னும் முடியல, அதுக்குள்ள கூடையென்ன கூடை?" என்ற பழனாத்தாள், நகத்தால் நாலாவது கண்ணியை மட்டும் நெம்பி அவிழ்த்துவிட்டாள். பனியனைக் குச்சியோடு மடித்துச் சின்னப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"மூணும் நல்லா வந்திருக்குதுன்னு சொல்லு கண்ணு. நாலாவதை மறுபடி கோக்கச் சொல்லு."