பீங்கான் தட்டிடம் பேசியவர்

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்து அருங்காட்சியகத்துக்குள் வெயிலுக்காக ஒதுங்குகிறேன். உள்ளே தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற அமைதி. பச்சைக் கண்ணாடிக் குப்பிகளின் வழியாக வெளிச்சம் கசிந்து தரையில் அசைகிறது.

கழுத்து நீண்ட வெள்ளிப் பன்னீர்ச் செம்பின் முன்னால் பட்டுப்புடவையில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அருகில் போகிறேன்.

“அக்கா, திரும்பிப் பார்க்காதீங்க” என்கிறாள் மெதுவாக. “பின்னாடி நிக்கிறாரே, அவரைத்தான் எனக்குப் பேசியிருக்காங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் வெளியில இருக்காங்க. பேசிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. இன்னும் ஒரு வார்த்தை பேசலை.”

செம்பு இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பிம்பம் மங்கலாக மிதக்கிறது.

“பிடிச்சிருக்கா?”

“தெரியலைக்கா. வெளியில போனதும் பதில் சொல்லணும்.”

அவர் ஒரு பீங்கான் தட்டின் முன் குனிகிறார். அதில் நீல நிறத்தில் ஒரு பறவை. அதனிடம் தணிந்த குரலில், “உங்களுக்கு டீ பிடிக்குமா?” என்று கேட்டுப் பார்க்கிறார். தலையை ஆட்டிக்கொண்டு, “உங்களுக்கு டீயா, காபியா?” என்று மாற்றிக் கேட்கிறார். அந்த அமைதியில் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். பிறகு அவர் பக்கம் திரும்புகிறாள்.

“காபிங்க.”

அவருடைய காது சிவக்கிறது. நிமிராமல், பறவையைப் பார்த்தபடியே சொல்கிறார்: “எனக்கும்.”