கண்டக்டர் பார்த்த ஆந்தை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்தாறு வருடம் பம்பு ஆபரேட்டராக இருந்த அந்த மனிதரை எல்லோரும் 'தொட்டிக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். நூலக உதவியாளரான எனக்கு அவர் முதலில் வியாழக்கிழமைகளில் மட்டும்தான் பழக்கம். குளிர்காலம் தொடங்கிவிட்டால் வியாழன் மதியம் ஷிப்டு முடிந்து, குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார். அப்படியும் லேசாக ஒரு வாடை வரும். நாம் மூக்கைச் சுளிப்பதற்குள் அவரே முந்திக்கொள்வார்.

"மேடம், ஜன்னலத் திறந்து வெச்சுக்குங்க. நான் வந்துட்டேன்."

கையில் ஒரு முழுத்தாள் இருக்கும். அந்த வாரம் நிலையத்தின் குட்டைகளில் வந்து இறங்கிய பறவைகளின் கணக்கு. தட்டைவாயன் நானூற்றுப் பத்து, ஊசிவால் வாத்து எண்பத்தெட்டு, மஞ்சள் வாலாட்டி ஏராளம் என்று போகும். அடியில், அரிதானதைத் தேடுகிறவர்களுக்காக நாலைந்து வரி. 'வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நில்லுங்கள்.' 'வாத்துக் கூட்டத்தில் புதுசைத் தேடாதீர்கள். தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போங்கள், மிச்சம் நிற்பது புதுசு.' 'காக்கை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் காக்கையைப் பார்க்காதீர்கள். அது எதைத் திட்டுகிறது என்று பாருங்கள்.' 'நடந்து தேடுகிறவனுக்குப் பறவையின் முதுகுதான் கிடைக்கும்.' நான் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். அதைப் படம் பிடித்து, பறவை பார்ப்பவர்களின் கைபேசிக் குழுவிலும் போடுவேன்.

சந்தேகமாக இருந்தால் அவர் எழுத மாட்டார். அதில் அவர் கறார் என்பதற்குக் கண்டக்டரின் வாத்து ஒன்றே போதும்.

கண்டக்டர் அவருடைய ஒரே கூட்டாளி. பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர், இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஞாயிறு தவறாமல் இருவரும் குட்டைக் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், தொட்டிக்காரர் மோட்டாரை நிறுத்தப் போன நேரத்தில், வழிதப்பி வந்த ஓர் அபூர்வ வாத்தைப் பார்த்துவிட்டதாகக் கண்டக்டர் குதித்தார்.

"றெக்கையில வெள்ளப் பட்டை இருந்துச்சாண்ணே?"

"அதெல்லாம் பாக்க அது என்ன டிக்கெட் வாங்கிட்டா நிக்குது? பறந்துடுச்சுப்பா."

"அப்ப எழுத முடியாதுண்ணே."

"நான் பாத்தேன்னு சொல்றேன்ல!"

"பாத்திருப்பீங்க. ஆனா எழுத முடியாது."

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வருவதை யாரும் விடவில்லை. ஒருவர் இந்தக் கோடியில், ஒருவர் அந்தக் கோடியில். கடைசியில் ஃபிளாஸ்க்கில் டீ தீர்ந்துபோனதால் கண்டக்டர்தான் இறங்கி வந்தாராம்.

போன குளிர்காலம் கண்டக்டருக்கு நுரையீரல் மோசமாகிவிட்டது. பஸ் புகையை முப்பது வருடம் விழுங்கினால் வேறென்ன ஆகும் என்றார் டாக்டர். வீட்டுக்குள் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாலே இளைக்கும். அவருக்கு ஆயுசில் ஒரு குறை இருந்தது. குட்டைக்காது ஆந்தையை அவர் பார்த்ததே இல்லை. மற்ற ஆந்தைபோல மரத்தில் தூங்காமல் புல்லுக்குள் தரையில் படுத்திருந்து, சாயங்கால வெளிச்சத்திலேயே தாழப் பறந்து எலி பிடிக்கிற ஆந்தை அது. எங்கோ குளிர் தேசத்திலிருந்து எப்போதாவது வரும். தொட்டிக்காரர் இரண்டு முறை பார்த்திருந்தார், இரண்டு முறையும் கண்டக்டர் டூட்டியில்.

அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, கசடு காயவைக்கும் மூன்றாவது பாத்திக்குப் பின்னால் ஏழெட்டுக் காக்கைகள் புல்லைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. தொட்டிக்காரர் கிட்டே போகவில்லை. பாத்திச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பைனாகுலரை இறக்காமல் பார்த்தார். காய்ந்த புல்லின் நிறத்தில் ஒரு மேடு. அந்த மேட்டில் இரண்டு மஞ்சள் கண்கள் திறந்து மூடின.

உடனே கண்டக்டருக்குப் போன் போட்டார். மறுமுனையில் ரொம்ப நேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான்.

"ஞாயித்துக்கிழமைதான் மருமகன் கார் எடுத்துட்டு வருவான். அதுவரைக்கும் இருக்குமா?"

"பிப்ரவரி வரைக்கும் இருக்கும்ணே. தொந்தரவு பண்ணலைன்னா எங்கயும் போகாது."

"அப்ப வாயத் திறக்காத. அந்த நூலகத்தம்மாகிட்டயும்தான்."

திறக்கவில்லை. அந்த வியாழன் தாளில் ஆந்தை இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் குழுவில் கேலியாக எழுதினார்: 'வாராவாரம் அதே வாத்து. சாக்கடையில் வேறென்ன கிடைக்கும்?' கீழே பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். தொட்டிக்காரர் பம்பு அறையில் அதைப் படித்தார். இருபத்தாறு வருடம் அந்த வாடைக்காக அவர் முதலில் தானே சிரித்துக்கொண்டவர். அன்றைக்கு என்னவோ சுருக்கென்று தைத்துவிட்டது. 'குட்டைக்காது ஆந்தை ஒன்று. மூன்றாம் பாத்திக்குப் பின்னால், உடைந்த குழாய்க்கு இடது பக்கம், புல்லில்' என்று தட்டி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் கண்டக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அழிப்பதற்குள் அறுபது பேர் பார்த்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை முப்பது பேர் போனார்கள். நானும் போனேன். அதை மறைத்து இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தொட்டிக்காரர் அப்போது உள்ளே மோட்டார் இரைச்சலில் இருந்தார். யாரோ இன்னும் கொஞ்சம் கிட்டே என்றார், யாரோ புல்லுக்குள் காலை வைத்தார். ஆந்தை எங்கள் முழங்கால் உயரத்தில் எழும்பியது. அகன்ற இறக்கை, சத்தமே இல்லை. ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. அந்த மஞ்சள் கண்களை நான் பார்த்தேன். காக்கைகள் எங்கிருந்தோ திரண்டு வந்து துரத்த, அது நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய்ப் புள்ளியாகி மறைந்தது. தொட்டிக்காரர் வெளியே வந்தபோது எல்லோரும் கேமராவின் பின்புறத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மிதிபட்ட புல்லருகே போய் நின்றார்.

போனில் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிறு மாலை கார் வந்தது. மருமகன் ஒரு கையில் ஆக்சிஜன் சிலிண்டரையும் மறு கையில் பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கி வர, கண்டக்டர் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று கரையேறினார். மூக்கில் குழாய், கழுத்தில் பைனாகுலர்.

"அண்ணே, நேத்து கிளப்பிட்டாங்கண்ணே. நான்தான்... நான்தான் எழுதித் தொலைச்சேன்."

கண்டக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார்.

"வந்தது வந்தாச்சு. உக்காரு."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்ந்து கோரை மேல் மஞ்சளாகப் படிந்தது. அப்போது பழுப்பாக ஒரு பறவை கோரைக்கு மேலே தாழ மிதந்து வந்தது. கண்டக்டர் பைனாகுலரைத் தூக்கினார்.

"தொட்டி! அதோ பாரு! ஆந்தை! திரும்பி வந்துடுச்சுப்பா!"

தொட்டிக்காரர் பார்த்தார். நீண்ட வால். வெளிறிய தலை. இறக்கையை மேல்நோக்கி லேசாகத் தூக்கிய அந்த மிதப்பு. பெண் பூனைப்பருந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

"ஆமாண்ணே," என்றார்.

"எழுது."

நோட்டை எடுத்து எழுதினார். குட்டைக்காது ஆந்தை, ஒன்று, மாலை ஐந்து நாற்பது. கண்டக்டர் எட்டி அதைப் படித்துவிட்டு, "முதல் தடவையா நான் சொன்னதக் கேட்டுட்ட," என்று அவர் முதுகில் தட்டினார்.

பத்தொன்பது நாளில் கண்டக்டர் போய்விட்டார். அதன் பிறகு நூலகத்துக்குத் தாள் வரவில்லை. இரண்டு வியாழன் காத்திருந்துவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பருந்தை ஆந்தை என்று எழுதியது சோறு இறங்கவிடாமல் உறுத்துகிறது என்றார். "சாகப்போற மனுஷன ஏமாத்திட்டேன் மேடம். அண்ணிகிட்டச் சொல்லிடணும். நீங்க கூட வர்றீங்களா?"

கண்டக்டரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கட்டில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்காரர் உட்காராமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டருடைய காக்கிச் சட்டை.

"அவருக்குத் தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"அது பருந்துன்னு. கார்ல ஏறினதுமே மாப்பிள்ளைகிட்டச் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து என்கிட்டயும் சொன்னாரு. 'அவன் மூஞ்சியப் பாக்க முடியலடி. இந்தக் குத்தத்தைத் தூக்கிக்கிட்டே அலைவான். நான் பாத்துட்டேன்னு சொன்னா விட்டுடுவான்'னாரு. நீங்க எழுதினதப் பாத்ததும்தான் அவருக்கே பயமாப் போச்சாம். 'எனக்காகப் பொய் எழுதிட்டானே, எப்படித் தாங்கப்போறானோ'ன்னு ராத்திரி சாப்பாட்டுல கை வெக்கல."

தொட்டிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய மனிதர் முகத்தை மூடாமல் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மாள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரும் அழுதார், ஆனால் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இப்ப அந்த நோட்ட என்ன பண்றது அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? பொய் சொன்னது நீங்க ரெண்டு பேரும்."

அன்றே நோட்டில் ஆந்தை என்று எழுதியதை அடித்துவிட்டுப் பூனைப்பருந்து என்று திருத்தினார். எனக்குக் காட்டினார்.

இந்தக் குளிர்காலம் தாள் மறுபடி வருகிறது. ஸ்டூடியோக்காரர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாராம். தொட்டிக்காரர் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாராம். தாளில் எண்ணிக்கை இருக்கிறது, குறிப்பு இருக்கிறது. தரையில் தங்கும் எதற்கும் இடம் மட்டும் எழுதுவதில்லை. பெரிதாக ஒன்றும் தேறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கரையில் தனியாகத்தான் இருப்பார்.

போன ஞாயிறு மட்டும் கண்டக்டரின் மனைவி வந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல்முறை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் தனியாத்தான் சாப்பிட்டேன் தம்பி. இந்த வாத்துங்களுக்காகவா?"

 அந்த அம்மாள் தொட்டிக்காரரிடம் கையை நீட்டி, "அதக் குடுங்க," என்று பைனாகுலரை வாங்கினார். எந்தப் பக்கத்தைக் கண்ணில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.