மருமகன் சொன்ன சாரி

எங்கள் பக்கத்தில் இப்போது அதிகம் செலவாகிற இங்கிலீஷ் வார்த்தை 'சாரி'தான். கம்பெனி பஸ்ஸில் ஷூ காலால் மிதித்துவிட்டு சாரி. ஒரகடம் ரோட்டில் பைக்கை இடித்துத் தள்ளுகிற லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் தூக்கி சாரி. டீக்கடையில் சட்டை கிழியச் சண்டை போட்டவர்கள் மறுநாள் ஷிப்டுக்குப் போகும்போது சாரி.

நான் பிரஸ் ஷாப்பில் தகடு அழுத்துகிற வேலை பார்க்கிறேன். போன வருஷம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவருக்கு இரண்டு விரல் போயிற்று. கையுறையைக் கழற்றினோம், விரல்கள் கையுறைக்குள்ளேயே நின்றுவிட்டன. சூப்பர்வைசர் ஓடி வந்து அவர் தோளைத் தட்டி, "சாரிப்பா, சாரி" என்றார். அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல சார்" என்றார். ரத்தத்தின் மேல் மரத்தூளைக் கொட்டிப் பெருக்கினோம். அரை மணியில் மெஷின் ஓடியது. நானும் என் மெஷினுக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். சொந்த ஊரும் இப்போது இருக்கிற வீடும் பிள்ளைப்பாக்கம்தான். சனிக்கிழமை ஒருபொழுது இருப்பேன், நெற்றியில் நாமம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன். மணிமங்கலத்துப் பெருமாள் முன்னால் விழும்போது 'பொறுத்துக்கோ சாமி' என்றுதான் வாயில் வரும். சாரி என்பது மனுஷனுக்கு மனுஷன் சொல்லிக்கொள்வது, அதில் சாமி கிடையாது. இந்த நினைப்புத்தான் என் மகளின் கையை உடைத்தது.

அவள் டிப்ளமோ முடித்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவள். சுங்குவார்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி எட்டாம் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் பின்னாலேயே அவனும் பைக்கில் வந்தான்.

"சாரி மாமா. கம்பெனியில ஓவர்டைம் மேல ஓவர்டைம், தல சூடாயிடுச்சு. கை நீண்டுடுச்சு" என்றான்.

என் மனைவி பூஜை அறைக்குள் போய்த் தட்டில் கற்பூரம் எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் அது வழக்கம். இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சொன்னதை மீறினால் சாமி கேட்கும்.

நான் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

"இன்னாயா, பொண்ணு வாய் கிழிஞ்சி கீது, நீ அவனுக்குப் பயப்படறியா?" என்றாள் மனைவி.

"அவனுக்கு இல்லடி. சத்தியம் பண்ணிட்டு மீறினான்னா சாமி அவன எடுத்துக்கும். அப்புறம் இவ தாலி?"

இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அவன் மீறுவான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான், சாமியை நடுவில் இழுக்காத வார்த்தையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். "அதான் சாரி சொல்லிட்டாரே, கெளம்பும்மா" என்று அவளை அனுப்பினேன்.

இரண்டாவது தடவை குக்கர் மூடியால் முதுகில் அடித்திருந்தான். தோலில் வளையம் வளையமாகக் கன்றிப்போயிருந்தது. ஸ்வீட் பாக்ஸோடு வந்து சாரி சொன்னான். அப்போதும் அனுப்பினேன். இந்த முறை அவள் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

மூன்றாவது தடவை அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது. கதவிடுக்கில் அவள் வலது கையை வைத்து, கதவை இழுத்து இழுத்துச் சாத்தியிருக்கிறான். "அப்பனுக்குப் போன் பண்ற கை இதானே" என்று கேட்டுக்கேட்டு அடித்தானாம். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நகங்கள் கறுத்துப்போயிருந்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறேன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவன் வருகிறான். "சாரி மாமா" என்று ஆரம்பித்தான். அந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி அவன் மூக்கின் மேலேயே போட்டேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. கேட்க நன்றாக இருந்தது, பெருமாள் அறிய மறைக்கவில்லை. தடுக்க வந்த நர்சம்மா மேல் என் முழங்கை பட்டுவிட்டது. திரும்பி, "சாரிம்மா" என்றேன். அவன் ரத்தம் என் சட்டையெல்லாம் இருந்தது, என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்தது.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அவன் மூக்கில் பிளாஸ்திரி, அவள் கையில் மாவுக்கட்டு. இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா பெரியவரே, அவரு அடிச்சாரு, நீங்களும் அடிச்சிட்டீங்க. கணக்கு நேராயிடுச்சு. சாரி வேற சொல்றாரு. கூட்டினு போகச் சொல்லவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள்.

"மேடம், அவர கேக்காதீங்க. ரெண்டு வாட்டி அவர்தான் அனுப்பிச்சாரு. இந்த வாட்டி என்னக் கேளுங்க."

"இன்னாடி, அதான் சாரி சொல்லிக்கினே கீறேன்ல?" என்று அவன் சத்தம் போட்டான்.

"நீ சொல்லிக்கினே இரு. நான் எழுதிக் குடுக்கறேன்."

அவள் சொல்லச் சொல்ல ஒரு பெண் போலீஸ் எழுதினார். உதடு, முதுகு, கை மூன்றும்தான் எனக்குத் தெரியும். அவள் சொன்னதில் பெல்ட் இருந்தது, சூடான தோசைக்கரண்டி இருந்தது, முடியைப் பிடித்துச் சுவரில் மோதியது இருந்தது. அதெல்லாம் நான் திருப்பி அனுப்பிய பிறகு நடந்தவை. தேதி வாரியாகச் சொன்னாள். ஒரு இடத்திலும் அழவில்லை. நான்தான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போட வலது கை இல்லை. டிப்ளமோ படித்த பெண் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தி வைத்தாள்.

வெளியே வந்தோம். "அம்மா, நான்..." என்று மகளிடம் ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சொல்லாதப்பா. எக்ஸ்ரே கவரப் புடி."

பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"பிள்ளைப்பாக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.