மண் கேட்காத சாபம்

கலிரோயி காலையில் ஜன்னலைத் திறந்ததும் முதல் வேலையாக ஸ்டமாடிஸைச் சபிப்பாள். காப்பியெல்லாம் அதற்கப்புறம்தான்.

"மெல்போர்ன்ல எவகூடடா குடித்தனம் நடத்துற? நாசமாப் போறவனே! மண்ணு உன்னைத் திங்காமப் போக!"

முப்பது வருஷமாக இதே பாட்டு. கிரேக்க நாட்டு நக்சோஸ் தீவில் சேவல் கூவாத நாள்கூட இருக்கும், இவள் கூவாத நாள் கிடையாது.

அது லேசுப்பட்ட சாபமும் இல்லை. எங்கள் பக்கம் புதைத்தவரைச் சில வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் வைப்போம். எலும்பு சுத்தமாக வந்தால் ஆத்மா கரையேறிவிட்டது. சதை கரையாமல் கிடந்தால், யாரோ வயிறெரிந்து விட்ட சாபம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஸ்டமாடிஸ் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. கல்லுடைக்கிறவன், கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கும். கல்யாண வாரத்தில் அவள் அப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "என் பொண்ணு தலையில வைக்க ஒரு மெழுகுப் பூக் கிரீடம் வாங்க வக்கிருக்காடா உனக்கு?"

அவன் சிரித்தான். "மெழுகு எதுக்கு மாமா? அரியாத்னியோட தங்கக் கிரீடத்தையே கொண்டு வரேன் பாருங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே, கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் தலையில் வைக்கும் மெழுகுக் கிரீடம் ஒரு ஜோடி வாங்கி வைத்தார். மாப்பிள்ளைதான் வரவில்லை. அந்த வாரம் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கப்பல் போயிருந்தது. ஊர் சும்மா இருக்குமா? இதையும் அதையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவள் பேரே அரியாத்னி. தூங்குகிற காதலி அரியாத்னியை இந்தக் கரையில் விட்டுவிட்டுத் தீசியஸ் கப்பலேறிய கதை இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவளுக்காவது ஒயின் சாமி வந்து கிரீடம் வச்சுக் கட்டிக்கிட்டான். உனக்கு ஒரு ஆட்டுக்காரன்கூட வரலையேம்மா!" என்பார்கள் காப்பிக்கடைக் கிழவர்கள்.

"உங்களை மாதிரி ஆளுக்கு ஆடே தேவலாம்," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். ஒரு தட்டு, ஒரு நாற்காலி. அந்த வீட்டில் பேச்சு என்றால் காலையில் விடும் அந்தச் சாபம் மட்டும்தான்.

ஏதென்ஸிலிருந்து வந்த அகழாய்வுக்காரர்கள் மலைச்சரிவில் பழங்காலக் கல்லறைகளைத் தோண்டினார்கள். கலிரோயிக்குப் பழைய பானை ஓட்டுச்சில்லு கழுவும் வேலை கிடைத்தது. ஒரு மத்தியானம் மேஸ்திரி பெத்ராகிஸ் கூடையோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கல்லறைக் கூரை இடிஞ்ச இடத்துல ஒருத்தன் நசுங்கிக் கிடக்கான். அந்தக் காலத்து ஆள் இல்லை. ஆணி அடிச்ச பூட்ஸ் போட்டிருக்கான். கையில ஒரு தங்க இலை, ஏதோ பழைய கிரீடத்துல பிஞ்சதாம். விரல்ல இந்த மோதிரம்."

"புதையல் திருட வந்தவனா இருப்பான். நல்லா வேணும்," என்றபடி அவள் கூடையில் கிடந்த மோதிரத்தை எடுத்துத் தண்ணீரில் தேய்த்தாள். நிச்சயதார்த்த மோதிரம். மாப்பிள்ளை மோதிரத்தின் உள்பக்கம் பெண்ணின் பேரைப் பொறிப்பது வழக்கம். மண் கரைந்ததும் எழுத்து தெரிந்தது: கலிரோயி.

முதலில் அவள் சிரித்தாள். வெட்கமே இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தாள்.

"போகலைடா! என்னை விட்டுட்டுப் போகலை! கிரீடம் எடுக்கத்தான் போயிருக்கான், பைத்தியக்காரன்!"

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. சிரிப்பு நின்றது. "ஐயோ, மண்ணுக்குள்ள கிடந்தவனையா தினம் தினம் அப்படிச் சொன்னேன்?"

மேட்டில் ஏறி ஓடினாள். பெத்ராகிஸ் கையைப் பிடித்தான். "பார்க்காதே அக்கா, தாங்கமாட்டே."

"விடுடா. நான் விட்ட சாபம், நான்தான் பார்க்கணும்."

குனிந்து பார்த்தாள். எலும்பு அத்தனையும் சுத்தமாக இருந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "நல்லவேளை, நான் சொன்னதை நீ காதுலயே போட்டுக்கலை," என்று மண்ணைத் தடவிக் கொடுத்தாள்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. தங்க இலை மியூசியத்துக்குப் போனது. எலும்பு கழுவ உறவுக்காரர் யார் என்று பாதிரியார் கேட்டார்.

"நான்தான் சாமி. வேற யாரு இருக்கா அவனுக்கு?"

ஒவ்வொரு எலும்பாக ஒயினில் கழுவினாள். கல்யாணமாகாமல் செத்தவருக்குக் கல்யாணக் கிரீடம் வைப்பது இங்கே முறை. அலமாரியில் கிடந்த மெழுகுக் கிரீடங்களில் ஒன்றை மண்டையோட்டின் மேல் வைத்துப் பெட்டியை மூடினாள். காப்பிக்கடைக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் அவளை அரியாத்னி என்று கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தாள். பழக்கதோஷத்தில், "மெல்போர்ன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மெல்போர்னில் யாரும் இல்லை. முப்பது வருஷமாக அவள் பேசுவதற்கு அங்கே ஒருவன் இருந்தான். அவன் இன்றைக்குத்தான் செத்தான்.

கலிரோயி ஜன்னலைச் சாத்தினாள்.